ஐஸ் கம்பெனி கைவினைக்கூடம் ஆகும்போது: ராமநாதபுரம் கரையில் செய்ய வேண்டியதும் கூடாததும்

மீன்பிடிக் கரையில் பூட்டிக் கிடக்கும் ஐஸ் கம்பெனியைப் பார்த்ததும், பயிற்சிக்கூடம் தொடங்க நினைப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். பதினெட்டு இருபதடி உயரம், நடுவில் தூண் இல்லாத அகலக் கூடம், தலைக்கு மேலே ஓடும் கிரேன், வாசல்வரை லாரி வரும் சாலை. ஓலை முடைய, நார் கிழிக்க, வள்ளம் கட்ட இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டடம் இருபது முப்பது வருஷமாக உப்புநீரையும் குளிரூட்டும் வாயுவான அம்மோனியாவையும் குடித்துக்கொண்டே நின்றது. அவற்றை வெளியே எடுக்காமல் வெள்ளையடித்துத் திறப்பு விழா வைத்தால், இரண்டாவது மழைக்குச் சுவர் உதிரும், அதற்கடுத்து தூண் வெடிக்கும்.

மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரைக்குமான மன்னார் வளைகுடாக் கரைக்கும், தேவிபட்டினம், தொண்டி பக்கத்துப் பாக் விரிகுடாக் கரைக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். வேலையின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: காகிதம், வாயு, உப்புநீர், சுவர், தூண், கூரை. ஓலைக்கட்டு உள்ளே வருவது இவையெல்லாம் முடிந்த பிறகுதான்.

கைவைப்பதற்கு முன்

கட்டடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதற்கான மத்திய அரசின் 2011, 2019 அறிவிக்கைகள் இரண்டிலும், கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பட்டைக்குள் ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்க வழி இருக்கிறது. ஆனால் பழைய அடித்தளப் பரப்பையும் தளப்பரப்புக் குறியீட்டையும் (மனைப் பரப்பைப் போல மொத்தத் தளப்பரப்பு எத்தனை மடங்கு என்ற கணக்கு) தாண்டக் கூடாது. நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? கழிப்பறை, சாயக் கொட்டகை, சமையலறை என்று பின்பக்கம் நீட்டிக் கட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும். எல்லாம் இருக்கிற சுவருக்குள்ளேயே அடங்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலையைப் பயிற்சிக்கூடம் ஆக்குவது பயன்பாட்டு மாற்றம் என்பதால் அதற்கும் எழுத்துமூலம் கருத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியில் 'பரவாயில்லை, ஆரம்பிங்க' என்று சொல்வதை நம்பக் கூடாது. ஒரு செங்கல்லைக்கூட எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் அளந்து, பொறியாளர் கையெழுத்துடன் வரைபடமும் தேதி போட்ட படங்களும் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் விழுந்த பிறகு அது எங்கே நின்றது என்று நிரூபிக்க வேறு வழி கிடையாது.

மின் இணைப்பு அடுத்த பொறி. பழைய பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொண்டு வரும். கட்டாமல் புது இணைப்புக் கிடைப்பது கடினம். குத்தகை பேசும் நாளிலேயே அது யார் தலையில் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்தது சுமை. கம்ப்ரசர் மோட்டார் ஒன்றே நூறு குதிரைத்திறன் இருந்திருக்கும். கைவினைக்கூடத்துக்கு முப்பது மின்விசிறி, விளக்குகள், ஒரு பேண்ட் சா, இழைப்பு இயந்திரம், ஒரு பம்பு எல்லாம் சேர்ந்தாலும் 12 முதல் 15 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். பழைய சுமையை அப்படியே தொடர்ந்தால், ஓடாத மோட்டாருக்கு மாதாமாதம் நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாயு: 'எல்லாம் எடுத்தாச்சு' என்பதை நம்பக் கூடாது

கம்பெனி மூடும்போதே கேஸை எடுத்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் எடுத்தது ரிசீவரில், அதாவது திரவ அம்மோனியா சேரும் கலத்தில், இருந்த திரவத்தை. கம்ப்ரசர் எண்ணெய் பல வருஷமாகக் குழாய்களின் அடியில் போய்த் தேங்கியிருக்கும். அந்த எண்ணெய்க்குள் அம்மோனியா கரைந்து உட்கார்ந்திருக்கும். ரிசீவரின் அடிப்பக்கம், எண்ணெய்ச் சட்டி, பிரைன் தொட்டிக்குள் (ஐஸ் கேன்களை இறக்கும் உப்புநீர்த் தொட்டி) கிடக்கும் குளிர்க்குழாய்ச் சுருள், மூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவில் சிக்கிய குழாய்த்துண்டு ஆகிய நான்கு இடங்களையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பழைய இரும்பு எடுப்பவர் கேஸ் கட்டரோடு வந்து இதில் ஏதாவது ஒன்றில் கைவைத்தால் உயிர் போகும். காற்றில் 15 முதல் 28 சதவீதம் அம்மோனியா இருந்தால் அது தீப்பிடிக்கும். 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவே மனிதருக்கு உடனடி ஆபத்து. சுமார் 5 பிபிஎம் அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும் என்பதுதான் ஒரே ஆறுதல்.

அம்மோனியா தெரிந்த குளிர்பதன மெக்கானிக்கை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆனாலும் இடத்துக்குப் பொறுப்பானவருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணெய் வடிகாலிலும் ஹோஸ் மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் அமிழ்த்தி, வால்வைக் கால் திருப்பு மட்டும் திறக்க வேண்டும். ஒரு கிலோ அம்மோனியாவுக்குக் குறைந்தது 8 முதல் 10 லிட்டர் தண்ணீர். கரையும்போது தண்ணீர் சூடாகும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். பலரும் கோட்டைவிடும் இடம் அடுத்தது. வாயு தீரும் நேரத்தில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி டிரம் தண்ணீரை மேலே உறிஞ்சும். அதனால் குமிழி குறையத் தொடங்கியதுமே ஹோஸைத் தண்ணீருக்கு மேல் தூக்கிவிட்டு, அதன் பிறகு வால்வை மூட வேண்டும். இந்த வரிசை மாறினால் தண்ணீர் ரிசீவருக்குள் போய், அங்கே மிச்சமிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து குழப்பம் செய்யும்.

குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சைக் கழற்றும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். மிச்ச அழுத்தம் இருந்தால் பீய்ச்சல் அந்தப் பக்கம் போகும். உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும் போல்ட் கடைசி. எல்லாம் திறந்த பிறகு நைட்ரஜன் விட்டுத் துடைத்து, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டுங்கள். நீலமானால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தாள் நிறம் மாறாமல் நிற்கும்வரை கேஸ் கட்டர் உள்ளே வரக் கூடாது. அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நம் கரையின் ஈரக்காற்றில் அது வெள்ளைப் புகைமூட்டமாகித் தரையோடும் ஊரும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கமே நில்லுங்கள். நல்ல தண்ணீர் நிரம்பிய இரண்டு டிரம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு.

இயந்திர அறையில் வாசனை முழுக்கப் போகும்வரை பித்தளைப் பூட்டு, பித்தளைக் கீல், பித்தளைக் குழாய் எதையும் மாட்டாதீர்கள். அம்மோனியா பட்ட பித்தளை வெளியே பார்க்கப் பளபளவென்றே இருந்து ஒருநாள் விரிசல் விட்டு உடையும். வள்ளத்துக்குச் செம்பாணி வாங்கி அங்கே அடுக்கிவைப்பதும் அதே தவறு.

மஞ்சள் தண்ணீர்

பிரைன் தொட்டியின் அளவு இடத்துக்கு இடம் மாறும். 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்தால் கொள்ளளவு 57 ஆயிரம் லிட்டருக்கு மேல் வரும். கேன்கள் அடைத்த இடம் போக முப்பது நாற்பதாயிரம் லிட்டர் உப்புநீர் மிஞ்சும். அதன் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ, மஞ்சள் கலந்த பச்சையாகவோ இருந்தால் துருப்பிடிக்காமல் இருக்க டைக்குரோமேட் போட்டிருக்கலாம். அதிலிருப்பது ஆறிணைதிறக் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இதைக் கடலில் விட்டாலும் மண்ணில் விட்டாலும் ஒன்றுதான். மன்னார் வளைகுடாப் பக்கம் எதிரே இருப்பது 1986-இல் அறிவிக்கப்பட்ட, 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து, 'ஆறிணைதிறக் குரோமியம் எவ்வளவு' என்று குறிப்பாகக் கேளுங்கள். இருந்தால் அது அபாயக் கழிவு; மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்தான் எடுத்துப்போக முடியும். இந்தச் செலவைக் குத்தகைக்கு முன்பே உரிமையாளரிடம் பேசி முடிப்பது நல்லது. பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தொட்டியில் கிடந்த ஐஸ் கேன்களை ஓலைச் சாயம் காய்ச்ச வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். உள்ளே குரோமேட் படிந்திருக்கும், துத்தநாகப் பூச்சு சாயத்தின் நிறத்தையும் மாற்றும். எடைக்குப் போடுங்கள். தொட்டிமேல் கிடந்த மரச்சட்டங்கள் வேறு கதை. உப்பு ஏறி இறுகிய நல்ல மரம் அது. ஆனால் இரும்பு ஆணி அடித்தால் ஆணி தின்னப்பட்டுவிடும். மர முளை அடித்து பெஞ்சும் அலமாரியும் செய்துகொள்ளலாம்.

சுவர், அதாவது உப்பு

இந்த வேலையில் பணமும் பொறுமையும் அதிகம் கேட்பது சுவர்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரையும். கீழே வந்தால் மறுபடி படிகமாகும். நம் கரையில் இரவில் ஈரப்பதம் அந்தக் கோட்டுக்கு மேலே, வெயிலேறினால் கீழே. ஆக, சுவருக்குள் இருக்கும் உப்பு தினமும் ஒருமுறை கரைந்து ஒருமுறை உறைகிறது. உறையும்போது படிகம் செங்கல்லின் நுண்துளையை உள்ளிருந்து நெம்புகிறது. ஐஸ் கம்பெனிச் சுவரின் அடிப்பகுதியைக் கையால் தேய்த்தால் மாவு மாதிரி கொட்டுவது இதனால்தான். சிமெண்ட் பூசி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் உப்பு கட்டி, ஒரு வருஷத்தில் பூச்சு பலகை பலகையாக விழும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தாலும் அதே கதி, கொஞ்சம் சீக்கிரமாக.

எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆழத்தில் என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு டிரில்லும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் சில நூறு ரூபாய் டிடிஎஸ் பேனாவும் போதும். தரையிலிருந்து 30 செ.மீ., 1 மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரங்களில் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் 2, 5, 10 செ.மீ. ஆழத்துத் தூளைத் தனித்தனிக் காகிதத்தில் பிடியுங்கள். பத்து கிராம் தூளை 100 மில்லி வாலைவடி நீரில் கலக்கி, ஒருமணி நேரம் தெளியவிட்டு அளக்க வேண்டும். ஊருக்குள் கடலிலிருந்து தள்ளி நிற்கும் பழைய செங்கல் வீட்டுத் தூளையும் அதே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள். மேற்பரப்பில் அதிகம், உள்ளே குறைவு என்றால் நல்ல சேதி. உள்ளே போகப் போகக் கூடினால் அந்தச் சுவருக்குப் பின்னால் பிரைன் கசிந்திருக்கிறது. மற்ற வேலைக்கு முன் அது கசியும் வழியை அடைத்துவிடுங்கள்.

உப்பை எடுக்கும் முறை இது. பழைய பூச்சைக் கறை தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு மீட்டர் வரை உரிக்கவும். செங்கல் இணைப்புகளை இரண்டு செ.மீ. ஆழம் சுரண்டவும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி, கொட்டிய தூளை அன்றே வெளியேற்றவும். தரையில் விட்டால் அதே உப்பு மறுபடி சுவரேறும். பிறகு களிமண், கழுவிய மணல், ஊறவைத்து இடித்த காகிதக்கூழ் மூன்றையும் பிசைந்து 15 முதல் 20 மி.மீ. கனத்துக்கு அப்பவும். அப்புவதற்கு முன் சுவரை லேசாக நனைத்தால் போதும். குழாய் வைத்துப் பீய்ச்சினால் உப்பு கரைந்து சுவரின் நடுவுக்குள் போய்விடும். அதை அங்கிருந்து வெளியே எடுப்பது மிகக் கடினம். அப்பிய கலவை காய்ந்து தானாக விடுபடும்வரை இரண்டு மூன்று வாரம் விடுங்கள். உரித்து, அதே இடத்துத் தூளை அளந்து, அடுத்த சுற்று. பேனா காட்டும் எண் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிற்கும். பெரும்பாலும் மூன்று சுற்று ஆகும். கலவைக்கும் நனைப்புக்கும் மழைநீரோ ஆர்ஓ நீரோதான் வேண்டும். வளாகத்து போர் தண்ணீரில் பிசைந்தால் உப்பை உள்ளே ஏற்றும் வேலையைத்தான் செய்கிறீர்கள்.

அக்டோபரில் தொடங்கும் மழைக்குள் இதை முடிக்க வேண்டும். அப்பிய கலவை காயாவிட்டால் உப்பை இழுக்காது. மாசியில் தொடங்கினால் ஆடிக்குள் மூன்று சுற்றும் பூச்சும் முடித்துவிடலாம்.

அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, குறைந்தது மூன்று வாரமாவது தண்ணீர்க்கடியில் குழியில் கிடக்கவிட்டு எடுங்கள். முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மேல்பூச்சு ஒன்றுக்கு இரண்டு. நூறு சதுர அடிக்கு 15 மி.மீ. கனத்தில் சுமார் 5 கன அடி கலவை பிடிக்கும். சிந்துவதையும் சேர்த்து ஆறாக வைத்துக்கொள்ளலாம். உடைத்து ஊறவைத்துப் புளித்த கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்ப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். கருப்பட்டிக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அள்ளிக் கொட்டினால் பூச்சு இறுகாது, பூஞ்சணமும் எறும்பும் வரும். மணலைப் பையில் பார்த்து வாங்காமல், ஒரு கைப்பிடியை நல்ல தண்ணீரில் கலக்கி அதே டிடிஎஸ் பேனாவால் அளந்து வாங்குங்கள். பூசிய பிறகு இரண்டு வாரம் சாக்குத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். கடற்காற்று நேராக அடிக்கும் சுவரில் சாக்கு இல்லாவிட்டால் மூன்றே நாளில் மயிரிழை வெடிப்பு வரும்.

இந்தப் பூச்சும் நிரந்தரமில்லை. மிச்ச உப்பை வாங்கிக்கொண்டு ஐந்தாறு வருஷத்தில் அடிப்பகுதி உதிரும். உதிர்வதற்குத்தான் அது இருக்கிறது. செங்கல் பிழைக்கும். இடுப்பளவு உயரத்தில் ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே மட்டும் தனியாகப் பூசினால் பிறகு அந்தப் பகுதியை மட்டும் மாற்றுவது சுலபம்.

தூணும் கூரையும்

பிரைன் தொட்டியை ஒட்டிய கான்கிரீட் தூண்களை நம்பவே கூடாது. இந்தியத் தரநிலை 456, வார்க்கும்போது கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கம்பி இருக்கும் ஆழத்துத் தூளை ஆய்வகத்தில் அளந்து அறிக்கை வாங்குங்கள். எல்லை தாண்டியிருந்தால், வெடித்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை அடைப்பது பணத்தைக் கடலில் போடுவது. புதுக் கலவைக்குள் கம்பி பாதுகாப்பாக இருக்கும். அதைச் சுற்றிய பழைய கான்கிரீட்டில் துரு முன்னைவிட வேகமாக ஏறும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையமாக அடுத்த வெடிப்பு வருவது இதனால்தான். கட்டமைப்புப் பொறியாளரோடு பேசி, பாரத்தைப் பக்கத்தில் புதிய தூணுக்கு மாற்றுவதா, துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) பதிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். துருவைப் பற்றிய ஆய்வுக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்கி, தடித்த பாலிதீனில் இரட்டையாகச் சுற்ற வேண்டும். போல்ட்டைச் சுத்தியலால் தட்டாமல் போல்ட் கட்டரால் நறுக்குங்கள். சாதாரண ஜிஐ ஷீட் இந்தக் காற்றுக்குத் தாங்காது. அலுமினிய ஷீட்டோ ஓடோ போடலாம். அலுமினியத்தில் வெறும் இரும்புத் திருகு பட்டால் இரண்டில் ஒன்று அரித்துப்போகும். ரப்பர் வாஷர் இல்லாத திருகு ஒன்றுகூட இருக்கக் கூடாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்த கரை இது. ஓரத்திலும் முகட்டிலும் திருகுகளை இரட்டிப்பாகப் போடுங்கள். காற்று முதலில் பிடித்துத் தூக்குவது அங்கேதான்.

முந்நூறு சதுர மீட்டர் கூரையும் வருஷத்துக்கு சுமார் 800 மி.மீ. மழையும் என்றால், இழப்புப் போக ஒரு லட்சத்து எண்பதாயிரம் லிட்டர் வரை பிடிக்கலாம். முதல் மழையில் 600 லிட்டரைத் திறந்து வெளியே விடுங்கள். கூரையில் படிந்த உப்பெல்லாம் அதில் போய்விடும். சாயம் காய்ச்ச இந்த நீர்தான் உயிர். கடினநீரில் ஓலைச் சாயம் திட்டுத் திட்டாக ஏறும்.

எந்த வேலை எங்கே

பழைய இயந்திரக் கூடத்தின் உறுப்புகளில் எது எதற்குப் பயன்படும் என்று பார்த்து இடம் ஒதுக்கினால் இடிப்பதும் கட்டுவதும் பாதியாகக் குறையும். கேனிலிருந்து ஐஸைக் கழற்ற வெந்நீரும் நன்னீருமாக ஓடிய டிப் டேங்க் உப்பு அதிகம் படாத தொட்டி. ஓலையும் மட்டை நாரும் ஊறவைக்க அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் அதையும் டிடிஎஸ் அளந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

பிரைன் தொட்டியின் இரும்பை எடுத்த பிறகு மிஞ்சும் பள்ளத்தை மண் போட்டு நிரப்பாதீர்கள். குளிர் வெளியேறாமல் அடியில் போட்ட காப்புப்பொருளில் ஊறிய உப்பு மண் வழியாக மேலே ஏறித் தரையைப் பொரிக்கும். காப்பை முழுக்கத் தோண்டி எடுத்து, பள்ளத்தைப் பள்ளமாகவே வையுங்கள். நாலடி ஆழமுள்ள அந்தக் குழிக்குள் வள்ளத்தின் ஏராவை (அடிமரம்) நிறுத்தினால், கூடத்துத் தரையில் நிற்பவருக்கு மேல்விளிம்புப் பலகை கைக்கெட்டும் உயரத்தில் வரும்; குழிக்குள் நிற்பவர் அடிப்பலகைக்குக் கலப்பத்து அடிக்கலாம் (பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கலாம்). சாரம் கட்டத் தேவையில்லை. கற்பவர் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இரண்டு மட்டத்திலும் வேலை செய்ய முடியும். சுற்றிலும் கம்பித் தடுப்பும் இரண்டு ஏணியும் கட்டாயம்.

தலைக்கு மேலே ஓடிய கிரேன் பாதை வள்ளத்தைத் தூக்க உதவும். பழைய கம்பிவடத்தை அப்படியே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செயின் பிளாக் மாட்டுங்கள். தகுதி பெற்ற ஆய்வாளரை வைத்து, குறித்த எடையில் 125 சதவீதம் ஏற்றிச் சோதித்துச் சான்று வாங்கிய பிறகே அதன்கீழ் ஆள் நிற்கலாம். இன்னொன்று, சிரிப்பாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்: ஏரா வைக்கும் முன் வாசலை அளந்துகொள்ளுங்கள். ஐஸ் கம்பெனி வாசல்கள் ஐஸ் சறுக்கி வெளியே வரும் அளவுக்குத்தான் இருக்கும். பதினான்கடிப் பயிற்சி வள்ளம் நேராகப் போகும், திருப்பத்தில் மாட்டும்.

ஐஸ் சேமித்த அறை ஓலைக் கிடங்குக்கு ஏற்றது. வெளியீரம் சட்டென்று உள்ளே வராது. சிறிய ஈரம்நீக்கி ஒன்று ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்குக் கீழே பிடித்துவைக்கும். அதற்கு மேல் போனால் குருத்தோலையில் கரும்புள்ளி விழும். ஆனால் சுவருக்குள் தெர்மாகோலோ தாரில் ஒட்டிய கார்க்கோ இருந்தால், காய்ந்த ஓலைக்குப் பக்கத்தில் அது தீப்பெட்டிதான். ஒன்று முழுக்க எடுங்கள், இல்லையென்றால் கம்பிவலை அடித்து அரை அங்குலப் பூச்சால் மூடுங்கள். அறைக்குள் மின் சுவிட்சே வேண்டாம்.

கீழக்கரைப் பக்கத்துச் சங்கு வேலையையும் சேர்ப்பதானால் அதற்குத் தனிக் கொட்டகை வேண்டும். சங்கை ஈரமாகவே அறுக்க வேண்டும்; உலர்ந்த தூள் நுரையீரலைக் கெடுக்கும். பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, சட்டம் தடுத்த சிப்பி வகைகள் எதுவும் அலங்காரப் பொருளாகக்கூட உள்ளே வரக் கூடாது. எந்தச் சரக்கு எங்கே வாங்கியது என்று ரசீதோடு பதிவேடு வைத்திருந்தால் வனத்துறைச் சோதனையில் தலைவலி இல்லை.

நாட்காட்டி

பயிற்சிக் காலத்தை அலுவலக வருஷத்துக்கு வகுத்தால் வகுப்பறை காலியாகக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீனவக் குடும்பத்து இளைஞர்கள் கையில் நேரம் இருப்பது அப்போதுதான் என்று தோன்றும். ஆனால் விசைப்படகுப் பழுதெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் நடப்பதால் படகு கட்டும் தச்சரான ஓடாவி ஒருவரும் வரமாட்டார். அந்த மாதங்களில் வரைதல், அளவெடுத்தல், உளி தீட்டுதல், மரம் அடையாளம் காணுதல் ஆகியவற்றை வைத்து, பலகை வேலையை ஜூலைக்குத் தள்ளுங்கள். ஓலை முடையும் பெண்கள் பலர் பதநீர்க் காலத்தில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். பங்குனி முதல் ஆடி வரை அவர்களிடம் முழுநாள் கேட்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓலை காயாது. ஆக, ஓலை வெட்டிக் காயவைத்து அடுக்குவது தை, மாசியில். முடைவது ஆடிக்குப் பிறகு.

குருத்தோலையைப் பெரும்பாலும் வடலியில்தான் (இளம் பனை) எடுப்பார்கள். ஒரு மரத்தில் ஒரு நேரத்தில் ஒரு குருத்து, அதற்கு மேல் கேட்காதீர்கள். அடுத்தடுத்துக் குருத்தை எடுத்தால் வடலி குன்றிப்போகும். கொடுப்பவருக்கு ஓலைக்கு இவ்வளவு என்று விலை பேசாமல் மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் அதிகம் வெட்டும் ஆசை வராது.

முடையக் கற்றுக்கொடுக்கும் பாட்டிகள் அங்குலம் சொல்ல மாட்டார்கள். விரல்கடை, சாண், முழம் என்பார்கள். ஒருவர் சாணும் இன்னொருவர் சாணும் ஒன்றாக இருக்காது. பாடக்குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்: 'அரை விரல்கடை, இவருக்கு 8 மி.மீ.' என்று. ஒரே அகலத்துக்கு ஓலை வார, கட்டையில் இரண்டு பிளேடு பதித்த சின்னக் கருவி போதும். தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு, வளைய வேண்டும் என்று ஓலையைச் சொட்டச் சொட்ட நனைத்து முடைவது. அன்றைக்குப் பெட்டி இறுக்கமாகவே இருக்கும். காய்ந்ததும் ஓலை சுருங்கி, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். முதல்நாள் இரவு ஈரத்துணியில் சுற்றிவைத்தாலே போதும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் உலர்ந்த நாளில் மட்டும் நடுவில் ஒருமுறை துணியைப் பிழிந்து மேலே போடலாம்.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடனும் மானியமும் உண்டு; ஆனால் விண்ணப்பிக்க 35 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது 'படித்து முடித்ததும் கடன் கிடைக்கும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்து அவர் பெயரில் பட்டறை தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

சாயநீர் கடலுக்கோ கிணற்றுக்கோ போகக் கூடாது. வெயிலுக்குக் குறைவில்லாத ஊர். பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழத்தில் தார்பாலின் விரித்த ஆவியாக்கும் தொட்டி ஒன்றில் நாளைக்கு ஐம்பது லிட்டர் வரை சமாளிக்கலாம். மழை மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும் என்பதால் அப்போது சாயம் போடும் வகுப்பே வேண்டாம். அடியில் மிஞ்சும் கசடை வருஷம் ஒருமுறை சுரண்டி, மூடிய டிரம்மில் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்னச் சாமான்: ஓலைக் கிடங்கின் கதவுக்கு உட்புறம் ஈரப்பதமானி ஒன்று, பக்கத்தில் நூல் கட்டிய பென்சிலும் நோட்டும். காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கதவைத் திறப்பவர் எண்ணை எழுத வேண்டும். காலை எண் மூன்று நாள் தொடர்ந்து 70-ஐத் தாண்டினால் ஓலைக்கட்டுகளைப் பிரித்துப் புரட்டிப் போடுங்கள். அதே வாரம் வடசுவரின் அடிப்பூச்சையும் கையால் தடவிப் பாருங்கள்.